நடுக்கோட்டுக் கொடி

தோற்றும் தப்பித்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவா மைதானத்தில் சமோவாவிடம் நம் பெண்கள் செவன்ஸ் ரக்பி அணி வாங்கிக் கட்டிக்கொண்டபோது, அரங்கத்தில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்புறம்தான் ஒலிபெருக்கியில் சொன்னான், முந்தின இரண்டு ஆட்டங்களில் எடுத்த புள்ளிகளே போதும், பிஜி அரையிறுதிக்கு வந்துவிட்டது என்று. கிளம்பினவர்கள் வாசலோடு திரும்பி வந்து, எதுவுமே நடக்காததுபோல அதே இடத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நம்ம ஜனத்துக்கு வெட்கம் கொஞ்சம் குறைச்சல்தான்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. நெமானிக்கு மட்டும் வரவில்லை. அவன் அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளன். ஆட்டத்தின்போது கோட்டோரம் தண்ணீர் பாட்டில் பெட்டியோடு நிற்பான், எவள் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவான். சமோவாக்காரி கடைசியில் நடு மைதானத்தைப் பிளந்துகொண்டு ஓடி, நம் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுத்த ட்ரை இருக்கிறதே, அது ஓடினவளின் சாமர்த்தியம் இல்லை. நெமானியின் வாய் செய்த வேலை. வாய் செய்யாமல் விட்ட வேலை என்றும் சொல்லலாம்.

விஷயம் இதுதான். அணியில் எல்லோருக்கும் பின்னால் தனியாக நின்று, தப்பி வருகிறவளை மடக்கிப் பிடிக்கிற பெண்ணின் பெயர் அலோவேசி. அவள் நெமானியின் சித்தப்பா மகள். கண்டாவுத் தீவில் வைலுலு கிராமத்தில் இருவர் வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு ஈரப்பலா மரம்தான். எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த அண்ணன் தங்கைகள் பேசிக்கொள்வதில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மரியாதை. அவன் அவள் பெயரை உச்சரிக்க மாட்டான். அவன் உட்கார்ந்திருக்கிற அறைக்குள் அவள் வர மாட்டாள். பாதையில் எதிரே வந்தால் இரண்டு பேரில் ஒருவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு ஒதுங்குவார். அவளுக்கு ஒன்று என்றால் உயிரைக் கொடுப்பான், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பாவம் என்பார்கள். பாவம் என்ன பாவம், இப்படித்தான் நாங்கள் தங்கைமேல் பிரியம் வைப்பது.

ஆனாலும் பாவம்தான். சின்ன வயதில் அலோவேசி அவன் பின்னாலேயே அலைவாள். பழைய சாக்கை உருட்டிக் கட்டி அவன்தான் அவளுக்கு முதல் பந்து செய்து கொடுத்தான். அண்ணே போடு, அண்ணே இன்னொன்னு போடு என்று பொழுது சாய்கிறவரை பிடுங்கி எடுப்பாள். பிறகு ஒருநாள் அவள் வயதுக்கு வந்துவிட்டாள் என்று பாய் விரித்தார்கள், பன்றி சுட்டார்கள், ஊரே சாப்பிட்டது. நெமானியும் இரண்டு தட்டு சாப்பிட்டான். மறுநாள் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் நின்றான். யாரும் வரவில்லை. சுவரில் எறிந்து எறிந்து தானே பிடித்துக்கொண்டான். அவனுக்கு அன்றைக்கு அழுகை வந்தது, ஆனால் யாரிடம் சொல்வது.

அப்படியிருக்க ஒரே அணியில் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று கேட்டால், உனைசியால். உனைசி அணித்தலைவி, நெமானிக்கு அத்தை மகள். சித்தப்பா மகளிடம் வாய் திறக்கக் கூடாது என்றால் அத்தை மகளிடம் வாயை மூடக் கூடாது. கேலி பேசியே ஆக வேண்டும், பேசாவிட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். உனைசி அவனைக் கேலி பேசுவதில் குறையே வைத்ததில்லை. அவன் தொப்பையை, அவன் வழுக்கையை, அவன் இடுப்பில் சுலு வேட்டி கட்டுகிற அழகை. நெமானி சொல்வதை அலோவேசிக்கு எடுத்துச் சொல்வதும் அவள்தான். "அத்தான், நான் செத்துப்போனா நீங்க ரெண்டு பேரும் புகை போட்டுத்தான் சேதி அனுப்பிக்கணும்," என்பாள். அவன், நீ செத்தால் முதலில் நிம்மதியாக ஒரு தூக்கம் போடுவேன் என்பான்.

வெள்ளிக்கிழமை அந்த உனைசி மூச்சு வாங்க வெளியே வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பதில் உள்ளே போனது லௌட்டோகாவிலிருந்து புதிதாக வந்த மெரெயோனி. பின்காவலுக்கு நிற்கிற அலோவேசி மேலே ஏறி வர வேண்டிய நேரம். நெமானி அவளைப் பிடித்து, பின்னால் நிற்கிற பிள்ளையை மேலே வரச் சொல் என்றான். பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். பெயர்தான் வராதே. அந்த நேரம் பார்த்துப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஓரத்தில் ஆடுகிறவள், விழுந்து எழுந்து பின்தங்கின ஓரக்காரி ஒருத்தி, அலோவேசி ஒருத்தி. மெரெயோனி ஓரக்காரியிடம் போய்ச் சொன்னாள். அவள் மேலே ஓடி வந்தாள், அலோவேசி கீழேயே நின்றாள், நடுவில் பஸ் போகிற அளவுக்கு வழி திறந்தது. சமோவாக்காரி விடுவாளா?

தலைமைப் பயிற்சியாளர் டோரிகா அவனை உடைமாற்றும் அறைக்கு வெளியே நிறுத்தினாள். டோரிகா சுவாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் வீட்டில் அண்ணன் தம்பிகளோடு டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். எங்கள் தீவுக் கட்டுப்பாடு அவளுக்குத் தெரியும், ஆனால் உறைக்காது. கெட்டவள் இல்லை. இந்தப் போட்டியில் முதலாவது வருகிற அணிக்குத்தான் அடுத்த வருஷம் வெளிநாட்டு மைதானங்களில் ஆட இடம். அவள் கழுத்தில் அந்தச் சுமை.

"நாளைக்கு நீ அவகிட்ட நேரா பேசணும், நெமானி. உனைசி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி," என்றாள். "முடியாதுன்னா இப்பவே சொல்லு. அவ பெஞ்சுல உட்காரட்டும். நாளைக்கு மட்டும் இல்ல, இந்த வருஷம் பூரா."

"அவங்க என்னக்கா தப்பு பண்ணாங்க? என்னை அனுப்பிடுங்க. வேற ஆள் வச்சுக்கங்க."

"உன்னை அனுப்புனா நிச்சயமா தோப்போம். அவள உட்கார வச்சா தோத்தாலும் தோப்போம். எது மேல்னு நீயே சொல்லு."

அலோவேசி தையல் ஆலை வேலையை உதறிவிட்டு வந்தவள். தோள் எலும்பு முறிந்து ஒரு பருவம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கை தட்டினவள். இப்போதுதான் அந்த இடம் அவளுடையது என்று ஆகியிருக்கிறது. அதைப் பறிக்கப் போவது சமோவாவும் இல்லை, ஆஸ்திரேலியாவும் இல்லை, சொந்த அண்ணனின் நாக்கு. அவனுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

அன்று ராத்திரியே, பெரியவர்களிடம் ஒன்று கேட்கப் போனால் முன்னால் வைக்கிற யங்கோனா வேரில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு ரைவாங்காவுக்கு பஸ் ஏறினான். ஆட்டம் பார்க்க வைலுலுவிலிருந்து கப்பலேறி வந்த சனம் அங்கே ஒரு உறவுக்காரர் வீட்டில் இறங்கியிருந்தது. அலோவேசியின் அப்பா ஏரோனிச் சித்தப்பாவும் வந்திருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தான். முதல் எழுத்து வந்தது, அதோடு நின்றது. மறுபடி முயன்றான். பக்கத்திலிருந்த அம்மாள் அவனுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்து முதுகில் இரண்டு தட்டு தட்டி, ஒரு மிட்டாயும் கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே போனான்.

வேரை முன்னால் வைத்து, சம்மணம் போட்டு, கை தட்டி, முறைப்படி சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னான். சித்தப்பா வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். கரைத்தார்கள், ஒரு சுற்று குடித்தார்கள். அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். கோட்டுக்குள்ளே ஆடுகிற நேரத்துக்கு மட்டும் பேச அனுமதி வேண்டும். வெளியே வந்தால் பழையபடி. சித்தப்பா சிரட்டையைக் கீழே வைத்தார்.

"நான் சரின்னு சொல்லிடுவேன்டா. எனக்கென்ன," என்றார். "உன் நாக்கு சரின்னு சொல்லுமா?"

பஸ்ஸில் நடந்ததை அவர் பார்த்திருந்தது போலிருந்தது.

"சரி, உன் நாக்கும் சொல்லிடுச்சுன்னே வச்சுக்க. அத்தன சனம் முன்னால நீ அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவ என்ன பண்ணுவா? பந்தக் கீழ போட்டுட்டு மண்ணப் பாத்துட்டு நிப்பா. என் மகள எனக்குத் தெரியாதா. அப்புறம் எவ பந்த எடுத்துட்டு ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன."

அதுவும் உண்மை. பேசாவிட்டால் அவள் இடம் போகும், பேசினால் அவள் மானம் போகும், கூடவே ஆட்டமும் போகும். அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் டாலோ கிழங்கும் வந்தன. நெமானி இரண்டாவது தட்டு கேட்கவில்லை. அதைப் பார்த்து வீட்டுப் பெண்கள் நிஜமாகவே கவலைப்பட்டார்கள்.

சனிக்கிழமை அரையிறுதி பிரச்சினையில்லாமல் போனது. பப்புவா நியூகினிப் பெண்கள் முதல் பாதியில் முறைத்துக்கொண்டு ஆடினார்கள், இரண்டாவது பாதியில் களைத்துவிட்டார்கள். உனைசி முழு ஆட்டமும் உள்ளேயே நின்று, நெமானி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் பின்னால் கடத்தினாள். அலோவேசி நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள், பிடிக்க வேண்டியவளைப் பிடித்தாள். டோரிகா மேலே கண்ணாடி அறையிலிருந்து நெமானியின் காதுக்கருவியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு அது போதும். இன்னும் ஒரே ஒரு ஆட்டம். உனைசிக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று மனசுக்குள் ஜபம் செய்துகொண்டே பாட்டில்களை நிரப்பினான். உனைசி பக்கத்தில் வந்து நின்று, இவ்வளவு பாசமாக என்னைப் பார்க்காதே அத்தான், உன் பெண்டாட்டி அரங்கத்தில்தான் இருக்கிறாள் என்றாள்.

இறுதியாட்டம் ஆஸ்திரேலியாவோடு. அதற்குள் அரங்கத்தில் எள் போட இடமில்லை. மேளம், பாட்டு, நீலக்கொடி, ஒரு பக்கம் குழந்தைகள் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டு. வைலுலு சனம் நடுக்கோட்டுக்கு நேராக இரண்டு வரிசை பிடித்து உட்கார்ந்திருந்தது. சித்தப்பா விசேஷத்துக்குக் கட்டுகிற சாம்பல் நிற சுலு கட்டியிருந்தார். நெமானி நின்ற இடத்துக்கு நேர் மேலே. அவர்கள் இருமினால்கூட அவனுக்குக் கேட்கும், அவன் இருமினால் அவர்களுக்கும் கேட்கும்.

செவன்ஸ் ஆட்டம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிக்கு ஏழு நிமிஷம். மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தால் ஒரு ட்ரை போயிருக்கும். பாதி முடிந்தபோது ஆஸ்திரேலியா பதினான்கு, பிஜி ஐந்து. இடைவேளையில் டோரிகா எதுவும் கத்தவில்லை, தண்ணீர் குடியுங்கள் என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது பாதியில் மெரெயோனி ஓரமாக ஓடி ஒன்று வைத்தாள், அதற்கான உதையும் சரியாகப் போய் மொத்தம் ஏழு புள்ளி ஆனது. முந்தின நாள் பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்து ஓடினாள் அந்தப் பெண். பிறகு உனைசி மூன்று பேரைச் சுமந்துகொண்டே போய் விழுந்து இன்னொன்று வைத்தாள். பதினேழு, பதினான்கு. அரங்கம் எழுந்தது, உட்காரவே இல்லை. நெமானி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான், சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

கடைசி இரண்டு நிமிஷத்தில் உனைசி ஒருத்தியைக் கழுத்துக்கு மேலே பிடித்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, அந்தப் பெண் குனிந்தாள், கை மேலே போய்விட்டது. நடுவர் இதெல்லாம் கேட்பாரா. மஞ்சள் அட்டையைத் தூக்கினார், இரண்டு நிமிஷம் வெளியே. உனைசி மைதானத்தின் எதிர்ப்பக்கம் போட்டிருந்த தண்டனை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நடுவே ஒரு மைதானம், காதைப் பிளக்கிற சத்தம். அங்கிருந்து அவள் என்ன கத்தினாலும் இங்கே வராது. உள்ளே நம் பிள்ளைகள் ஆறு பேர், எதிரே ஏழு பேர், பந்து அவர்கள் கையில்.

நெமானிக்கு அப்போது ஒன்று தெரிந்தது. ஆள் குறைந்ததால் அலோவேசி மேலே ஏறி வரிசையை நிரப்பப் பார்க்கிறாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதற்காகத்தான் ஆஸ்திரேலியாவின் ஆறாம் நம்பர்க்காரி காத்திருக்கிறாள். அவள் நேற்றும் இன்றும் எல்லா ஆட்டத்திலும் பின்னால் ஆளில்லை என்றால் பந்தைக் காலால் தட்டி அனுப்பிவிட்டு ஓடுவாள். அலோவேசி இன்னும் நாலு எட்டு மேலே வந்தால் முடிந்தது. மற்ற ஐந்து பேரும் எட்டாத தூரத்தில். அலோவேசி மட்டும் அவன் பக்கத்துக் கோட்டோரம், ஒரு வீட்டு முற்றம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

காதுக்கருவியில் டோரிகாவின் குரல் வந்தது. "மேல போறா பாரு. சொல்லு அவகிட்ட. நெமானி, சொல்லுடா."

நெமானி வாயைத் திறந்தான். முதல் எழுத்து வந்தது. அதோடு நின்றது. மேலே இரண்டு வரிசை வைலுலு சனம் மூச்சுவிடாமல் அவனையே பார்க்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. அவள் ஒரு எட்டு மேலே வைத்தாள். திரும்பினான், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரும்பினான். கைக்கு எட்டுகிற தூரத்தில் நடுக்கோட்டுக் கொடி நின்றது. ஒரு குச்சி, மேலே சிவப்புத் துணி, கடல்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு.

"ஏ கொடி!" என்று கத்தினான். "மேல போகாத! பின்னாலயே நில்லு! அந்த ஆறாம் நம்பர் காலால தட்டுவா, உன் தலைக்கு மேல தட்டுவா. கேக்குதா கொடி? பின்னால போ!"

எல்லைக்கோட்டு நடுவர் ஒரு டோங்காக்காரர். அவர் திடுக்கிட்டு, தன் கையிலிருந்த கொடியை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு நெமானியைப் பார்த்து ஒரு எட்டு தள்ளி நின்றார்.

அலோவேசி திரும்பவில்லை. ஆனால் எடுத்த கால் நின்றது. அவள் முதுகு விறைத்தது. நெமானிக்கு உயிரே போய்விட்டது, இதோ பந்தாவது மண்ணாவது என்று அப்படியே நின்றுவிடப் போகிறாள் என்று நினைத்தான். அவள் பின்னால் ஒரு எட்டு வைத்தாள். இன்னொன்று வைத்தாள். பிறகு திரும்பி, மைதானத்தின் அடி வரைக்கும் ஓடிப் போய் நின்றுகொண்டாள்.

ஆறாம் நம்பர்க்காரி அதைப் பார்க்கவில்லை. பந்தை வாங்கினாள், காலால் மேலே தட்டினாள். அழகான உதை, குறை சொல்ல முடியாது. நம் ஆறு பேரில் ஐந்து பேரின் தலைக்கு மேலே போய், ஆறாவது ஆளின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. சாக்குப் பந்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள் அலோவேசி. பிடித்தவள் கோட்டோரமாகவே மேலே ஓடி வந்தாள்.

அப்போது நேரம் முடிந்ததற்கான சங்கு ஒலித்தது. ஒலித்தது என்று நெமானிக்குத் தெரியும், ஏனென்றால் அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரங்கத்துக் கூச்சலில் உள்ளே இருக்கிறவர்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. நேரம் முடிந்தாலும் பந்து நிற்கிறவரை ஆட்டம் நிற்காது; அதை வெளியே உதைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, ஜெயித்தாயிற்று. அவள் உதைக்கிற மாதிரித் தெரியவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வருகிறாள், எதிரே இரண்டு பேர் மடக்க வருகிறார்கள். பிடிபட்டுப் பந்தைப் பறிகொடுத்தால் அவர்கள் இன்னொன்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"கொடி! நேரம் முடிஞ்சுபோச்சு!" நெமானி அந்தக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். "உதைச்சு வெளியத் தள்ளு! வெளிய, கொடி, வெளிய!"

அலோவேசி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடது காலால் விட்டாள் ஒரு உதை. பந்து கோட்டைத் தாண்டி நேராக வந்து நெமானியின் வயிற்றில் இறங்கியது. அவன் கொடியோடும் பாட்டில் பெட்டியோடும் மல்லாக்க விழுந்தான். நடுவர் நீளமாக ஊதினார்.

ஜெயித்துவிட்டார்கள். தரையில் கிடந்த நெமானிக்கு அது உடனே விளங்கவில்லை. தண்ணீர் அவன் சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எங்கும் கால்கள் ஓடின. அவன் முதலில் செய்தது தலையைத் தூக்கி வைலுலு வரிசையைப் பார்த்ததுதான். பேசியது பேசியதுதானே. கொடியிடம் பேசினால் மட்டும் தங்கையிடம் பேசவில்லை என்று ஆகிவிடுமா? அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். இரண்டு வரிசையும் ஒரு சத்தமில்லாமல் நின்றது. சித்தப்பா அவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நெமானி அப்படியே மண்ணுக்குள் போய்விடலாமா என்று யோசித்தான்.

அப்புறம் சித்தப்பா தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வாய் முழுக்கத் திறந்து சிரித்தார். பக்கத்திலிருந்தவர்மேல் சாய்ந்து, அந்தக் கொடியைக் கையால் காட்டிக்காட்டிச் சிரித்தார். இரண்டு வரிசையும் குலுங்கியது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள் என்றால் குற்றம் இல்லை, தட்சிணை கொண்டுபோய்க் காலில் விழ வேண்டியதில்லை. நெமானிக்கு நேற்றிலிருந்து அடைத்திருந்த மூச்சு முழுசாக வெளியே வந்தது. புல்லில் படுத்தபடியே வானத்தைப் பார்த்துச் சிரித்தான்.

உனைசி எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வந்து அவன் தலைமாட்டில் நின்றாள். "இத்தன வருஷமா தொண்ட கிழியக் கத்துனேனே, அத்தான். ஒரு குச்சி போதும்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். குச்சியாவது நான் சொன்னதை மாற்றிச் சொல்லாது என்றான் அவன். அவள் மிச்சமிருந்த ஒரு பாட்டிலையும் அவன் முகத்தில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

டோரிகா மேலிருந்து படி இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. கை கொடுத்து அவனைத் தூக்கி நிறுத்தினாள். அந்தச் சிவப்புத் துணியை விரலால் நெருடினாள். அவ இடம் அவளுக்குத்தான், இனிமே அதப் பத்திப் பேச்சே இல்ல என்றாள். பிறகு, வெளிநாட்டு மைதானத்தில் கொடியை எந்தப் பக்கம் நட்டிருப்பானோ தெரியாது, எதற்கும் இதையே பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வா என்றாள். கேலியா நிஜமா என்று நெமானிக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கொடியை நிமிர்த்தி நட்டு, கோணலாக இருக்கிறதா என்று பார்த்தான்.

பெண்கள் நடு மைதானத்தில் வட்டமாக மண்டியிட்டு, தோளில் கைபோட்டுக்கொண்டு, துதிப்பாட்டு பாடினார்கள். அரங்கமும் சேர்ந்து பாடியது. நெமானி வட்டத்துக்கு வெளியே, அலோவேசி இருந்த இடத்துக்கு எதிர்முனையில் தலைகுனிந்து நின்று பாடினான். பாட்டு முடிந்ததும் எல்லோரும் கலைந்தார்கள். அவன் பழையபடி கோட்டோரம் வந்து, சிதறிக் கிடந்த பாட்டில்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

காலடிச் சத்தம் வந்து கொடிக்குப் பக்கத்தில் நின்றது. நெமானி நிமிரவில்லை. சேறு படிந்த பூட்ஸ் இரண்டு தெரிந்தது, முட்டியில் சிராய்த்த ரத்தம் தெரிந்தது. அதற்குமேல் பார்க்கக் கூடாது. அவள் கொடியின் துணியைப் பிடித்து, மடங்கியிருந்த ஓரத்தை நீவிவிட்டாள்.

"கொடியண்ணே," என்றாள். "பந்து வயித்துல பலமா பட்டுடுச்சா?"

அண்ணே. ஈரப்பலா மரத்தடியில் கேட்ட சொல். குரல்தான் பெரிய பெண்ணின் குரலாகிவிட்டது. நெமானி பாட்டில் பொறுக்குவதை நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் அழுதிருப்பான். அழுதுகொண்டுதான் பொறுக்கினான்.

"படவே இல்லன்னு சொல்லு, கொடி," என்றான்.

பூட்ஸ் இரண்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரும்பி, தோழிகள் இருந்த பக்கம் ஓடியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசிப் பாட்டுக்கு எழுந்து நிற்கிறவரைக்கும் அவனுக்கு வயிறு வலித்துக்கொண்டுதான் இருந்தது.